ஒன்பது அங்குல மூடி

தட்டு ஒன்பது அங்குலம். அதன் வாய்க்குச் சரியாக ஒன்பது அங்குலத்தில் வெட்டிய மாவு மூடி. அடுப்புக்குள் போகும்போது இரண்டும் பொருந்தித்தான் போகின்றன. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் தட்டு அதே ஒன்பது அங்குலம். மூடி மட்டும் எட்டு. மிச்சம் ஒரு அங்குலம் எங்கே போனது?

நிலோஃபர் சூடான தட்டைத் துணியால் பிடித்தபடி, அதைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். மூடி கருகவில்லை. உடைந்து விழவும் இல்லை. நன்றாக வெந்து, மொறுமொறுவென்று, பார்த்தால் கடிக்கத் தோன்றும் நிறத்தில்தான் இருந்தது. ஆனால் தட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு இருக்க வேண்டிய மூடி, விளிம்பை விட்டு இறங்கிக் குழம்பின் நடுவே மிதந்தது. சுற்றிலும் இடைவெளி, அகலமான இடத்தில் அரை அங்குலம். அந்த இடைவெளி வழியாக வெள்ளைக் குழம்பு கொதித்து வழிந்து, தட்டின் வெளிப்பக்கம் முழுக்கப் பிசுபிசுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று. திங்கட்கிழமை ஒன்று. இன்று செவ்வாய், இது மூன்றாவது. மூன்று மூடியும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவுக்குச் சுருங்கியிருந்தன.

வெளியே ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஆடி மாதம் காற்று ஒரு நிமிடம் ஓயாது. கணவாய் வழியாக வந்து தகரக் கூரையைத் தட்டும், கொடியில் காயும் துணியை முறுக்கும், சன்னல் கதவைச் சாத்தித் திறந்து சாத்தும். நிலோஃபருக்கு மூன்று நாளாக மனசும் அந்த சன்னல் கதவு மாதிரியேதான் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனம்மணி, இன்னைக்கும் சுருங்கிப்போச்சா?"

சன்னலுக்கு வெளியே செல்லாத்தாள் நின்றாள். அந்த வரிசையில் இருக்கும் நாலு வீடும் அவளுடையது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டில் என்ன வேகிறது என்பதை மோப்பத்திலேயே சொல்லிவிடுவாள்.

"சுருங்கிருச்சுங்க அக்கா."

"மூணு நாளா நீயும் இந்த மூடி போட்ட கோழிய வேக வெக்கற. மணம் என்னமோ ஊரையே தூக்குது. நானும் இன்னைக்கு செவ்வாக்கெழமை, கவிச்சி திங்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருந்தேன்."

"கோழியே போடலைங்க. பழகறதுக்கு எதுக்குக் கோழின்னு வெறும் உருளைக்கெழங்கும் பட்டாணியுந்தான்."

"அடக் கெரகமே, அதைக் காலைலயே சொல்லறதுக்கு என்ன?" என்று செல்லாத்தாள் வாசல் பக்கமாகச் சுற்றி உள்ளே வந்து, ஒரு தட்டை அவளே எடுத்து நீட்டினாள். "அந்த மேல் ஓடு எச்சா வெய்யி."

செல்லாத்தாளுக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் பிடிக்கும். அதில் ருசிக்குக் குறைவில்லை. குறை அந்த ஒரு அங்குலத்தில்தான் இருந்தது.

இந்தப் பதார்த்தத்தை நிலோஃபருக்குச் சொன்னவர் பங்காரம்மா. மேட்டுப்பாளையம் போகிற சாலையில், மலை தொடங்குகிற இடத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூட விடுதிக்கு அவர்தான் நிர்வாகி. முன்பு குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையலைக் கவனித்தவர். அங்கே துரைமார் காலத்திலிருந்து செய்துவந்த 'சிக்கன் பை' என்ற, மாவு மூடி போட்ட கோழிப் பதார்த்தத்தின் கணக்கை அவர் ஒரே வரியில் சொன்னார்: "ஒரு கோழி, எட்டுப் புள்ளைங்க."

அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்றால், கோழியை முழுசாக, எலும்போடு தண்ணீரில் வேக வைக்க வேண்டும். கறியை உதிர்த்து எடுத்த பிறகும் எலும்பைத் தூக்கி எறியாமல் அதே தண்ணீரில் இன்னும் கொதிக்க விட்டால், எலும்பில் உள்ளதெல்லாம் சாறாக இறங்கிவிடும். இரண்டு கை மைதாவை டால்டாவில் வாசனை வர வறுத்து, அந்தச் சாறையும் கொஞ்சம் பாலையும் ஊற்றிக் கிளறினால் கெட்டியான வெள்ளைக் குழம்பு. அதில் உதிர்த்த கறி, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, ஊற வைத்து வேக வைத்த காய்ந்த பட்டாணி, மிளகுத்தூள். கறி கொஞ்சம்தான், ஆனால் கறியின் ருசி ஒவ்வொரு காயிலும் ஏறியிருக்கும். இதை ஆற வைத்துத் தட்டில் ஊற்றி, மேலே மட்டும் ஒரு மாவு மூடி போட்டு வேக வைக்க வேண்டும். அடியில் மாவு கிடையாது. அதனால் மாவும் டால்டாவும் பாதிதான் ஆகும்.

நிலோஃபரின் கணவன் அஃப்தாப் விடுதியில் பெஞ்சு சரிசெய்யப் போனபோது, அவன் டிபன் டப்பாவில் இருந்த சமோசாவை ஒன்று தின்று பார்த்த பிறகுதான் பங்காரம்மா நிலோஃபரைத் தேடி வந்தார். வாரம் மூன்று நாள் விடுதிச் சமையலுக்கு மேற்பார்வை, மாதச் சம்பளம். "ஆனா ஒரு பை செஞ்சு காட்டணும்மா. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாரேன். சமையல்கட்டு எங்களுக்குக் கீழ இருக்குது, சாப்பாட்டு ரூம் மேட்டுல. தள்ளுவண்டில வெச்சு ஏத்தணும். தட்டைச் சாய்ச்சுப் பாப்பேன். ஒரு சொட்டு வழியக்கூடாது. வழிஞ்சா நான் வேற ஆளப் பாத்துக்கறேன், கோவிச்சுக்கக்கூடாது."

மூடி விளிம்பை விட்டு இறங்கினால் குழம்பு வழியும். குழம்பு வழிந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் மைதீன் பிச்சை வருவார். பீரோவின் மேல்தட்டில் இருக்கும் அஃப்தாபின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவார். அதன் பிறகு அஃப்தாப் இரண்டு வருடத்துக்கு ஷார்ஜாவில்.

அஃப்தாப் இதை மறைக்கவில்லை. "பட்டறையில வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை இருக்குது, நிலோ. உனக்கு அந்த வேலை கெடைச்சா நான் போகலை. கெடைக்கலைன்னா போயித்தான் ஆகணும்" என்று நேராகவே சொல்லியிருந்தான்.

நிலோஃபரைப் பெற்ற அத்தாவும் அப்படித்தான் போனார். அவளுக்குப் பதினைந்து வயது ஆகும்வரை அவரை ஐந்து முறை பார்த்திருந்தாள். மற்றபடி அவர் ஒரு கேசட். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கோட்டைமேட்டு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். அத்தாவின் குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். பின்னாளில் அவர் ஊரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது, அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்கு அவர் குரல் அடையாளமே தெரியவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பீரோவைக் கடக்கும்போதெல்லாம் அதன் கைப்பிடியைத் தொட்டு, திறக்காமல், கடந்து போனாள்.

அன்று மத்தியானமே பட்டறையில் வேலை முடிந்துவிட்டதென்று அஃப்தாப் வீட்டுக்கு வந்தான். சட்டைப்பையில் தச்சுப் பென்சில், கையில் மரத்தூள். மூடியைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தான்.

"எட்டு."

"அளந்து வேற சொல்லணுமாக்கும்?"

"இதுக்குப் போயி மூணு நாளா மண்டையை ஒடைச்சுட்டிருக்கியா? நான் தெனமும் பாக்கற வேலையே இதுதானே!"

அஃப்தாபின் தொழில் பேட்டர்ன் செய்வது. பம்பு, மோட்டார் உறையெல்லாம் வார்ப்பதற்கு முதலில் அதே வடிவத்தில் ஒரு மர அச்சு வேண்டும். அதை மணலில் அழுத்தி எடுத்தால் குழி விழும். அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றினால் பொருள் வரும். ஆனால் இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். ஆகவே அச்சை அடிக்கு ஒரு நூல் பெரிதாகவே செய்ய வேண்டும். அதற்கென்றே அவனிடம் ஒரு ஸ்கேல் இருந்தது. அதில் பன்னிரண்டு அங்குலம் என்று போட்டிருக்கும் இடம் நிஜத்தில் பன்னிரண்டும் ஒரு நூலும். தெரியாதவன் அதை வைத்து மேசை செய்தால் மேசை பெரிதாகிவிடும்.

"சூட்டுல ஒரு அளவு, வெளிய வந்தா ஒரு அளவு. உலகத்துல எல்லாப் பொருளும் அப்படித்தான்" என்று அவன் சிமெண்ட் தரையில் பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தான். "ஒம்பது வெட்டுனா எட்டு ஆகுது. அப்ப ஒம்பது வேணும்னா? ஒம்பதொம்பது எம்பத்தொண்ணு, அதை எட்டால வகுத்தா… பத்தும் ஒரு நூலும். முடிஞ்சுது. பத்தங்குலம் ஒரு நூல்ல வெட்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

காற்றில் தலைமுடி பறக்க அவன் வாசலில் உட்கார்ந்து, ஒரு பிளைவுட் துண்டில் பத்தங்குலம் ஒரு நூலுக்கு வட்டம் போட்டு, அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொடுத்தான். இரும்பு ஆலைக்குக் கொடுப்பது போல அவ்வளவு சுத்தமான வட்டம். நிலோஃபர் உடனே மாவைப் பிசைந்தாள். ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. பிசைந்த கையோடு தேய்த்தாள், தேய்த்த கையோடு பிளைவுட்டை வைத்து வெட்டினாள், வெட்டிய கையோடு தட்டின் மேல் போர்த்தினாள்.

அவளிடம் பேக்கரி ஓவன் கிடையாது. பிரியாணி ஆக்குகிற பெரிய பாத்திரமான தேக்சாதான் அவளுக்கு ஓவன். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு ஆற்றுமணல், மணல்மேல் ஒரு இரும்பு வளையம், வளையத்தின் மேல் பைத் தட்டு. கீழே ஸ்டவ் எரியும். தேக்சாவின் மூடிமேல் தம் போடுகிற மாதிரி கரி நெருப்பு. மணல் மெதுவாகச் சூடேறும். ஏறிவிட்டால் சட்டென்று இறங்காது. ஆகவே தட்டுக்கு எல்லாப் பக்கமும் ஒரே சூடு. வார்ப்பட மணலை அஃப்தாப் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதில் நிலக்கரித்தூள் கலந்திருக்கும், கோழி இரும்பு வாசம் அடிக்கும்.

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் தேக்சாவைச் சுற்றி நடந்தார்கள். அவன் பென்சிலைக் காதில் செருகுவான், எடுப்பான். அவள் கரியை ஊதுவாள், காற்று ஊதிக்கொண்டிருக்கும்போதே.

திறந்தபோது மூடி ஒரு பக்கம் விளிம்பில் இருந்தது. இன்னொரு பக்கம் வழுக்கி உள்ளே விழுந்து, கிழிந்து, குழம்பு குமிழியிட்டு மேலே வந்திருந்தது.

அஃப்தாப் ஸ்கேலை எடுத்தான். அளந்தான். திருப்பி வேறு வாக்கில் அளந்தான்.

"இப்படி ஒம்பதரை இருக்குது. அப்படி எட்டே முக்கால்." ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். "இரும்பு இப்படி ஓரவஞ்சனை பண்ணாது, நிலோ. சுருங்குனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் சுருங்கும்."

"உங்க இரும்புக்குக் கணக்கு தெரியும். என்ற மாவு பள்ளிக்கூடம் போகலை" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைத் தேய்க்கப் போட்டாள்.

புதன்கிழமை காலையில் அவள் மறுபடி மாவைத் தேய்த்தாள். வேறு யோசனை ஒன்றும் இல்லை. சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். தேய்த்து, பிளைவுட்டை வைத்து வெட்டி, வட்டத்தைப் பலகையில் கிடத்தியபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். அஃப்தாப் இருக்காருங்களா?"

மைதீன் பிச்சை. வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் புதன்கிழமையே வந்து நின்றார்.

"போட்டோ ரெண்டு வேணுங்க, அதான் போற வழியில வாங்கிட்டுப் போலாம்னு" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் போட்டோவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பிறகும் எழவில்லை. ஷார்ஜாவைப் பற்றிப் பேசினார். அங்கே ரூமில் ஏ.சி. இருக்கிறது என்றார். ஒரு ரூமில் எட்டுப் பேர் மட்டும்தான் என்றார். மரவேலை தெரிந்தவனை முதலாளி தலையில் தூக்கி வைத்துக்கொள்வார் என்றார். நிலோஃபர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் பூரிக்கட்டையோடு நின்றாள். அவர் ஒவ்வொரு முறை "அப்ப வாரேனுங்க" என்று சொல்லும்போதும் நம்பினாள். அவர் ஒவ்வொரு முறையும் இன்னொரு கதையை ஆரம்பித்தார்.

"தங்கச்சிக்குத்தான் மனசில்ல போல" என்று கடைசியில் கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"அவளுக்கு இப்ப மூடிக் கவலைங்க" என்றான் அஃப்தாப்.

"என்ன மூடி?"

"அது பெரிய கதைங்க. வெள்ளிக்கெழமை சொல்றேன்."

அவர் படியிறங்கியபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. நிலோஃபர் ஓடிப் போய், காய்ந்திருக்குமோ என்ற பயத்தில் மாவு வட்டத்தைத் தூக்கப் போனாள். அதற்கு முன், அடுப்புக்குள் வைக்கும் முன் ஒரு முறை சரிபார்ப்போம் என்று பிளைவுட்டை அதன்மேல் வைத்தாள்.

பிளைவுட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே பிளைவுட், அதே மாவு. அரை மணி நேரத்துக்கு முன்னால் இதை வைத்துத்தான் அதை வெட்டினாள். இப்போது எதிர்ச் சுவர்ப் பக்கம் அரை அங்குலமும், தன் வயிற்றுப் பக்கம் அரை அங்குலமும் மாவு உள்ளே போயிருந்தது. இடமும் வலமும் மட்டும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. வட்டமாக வெட்டியது முட்டை வடிவத்தில் கிடந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். "இங்க வாங்க! இது இன்னும் அடுப்புக்கே போகலை!"

அஃப்தாப் வந்து பார்த்தான். ஸ்கேலை எடுக்கக்கூட மறந்துவிட்டான்.

"சூடே படலைங்க. சூடு படாமயே சுருங்கியிருக்குது. அப்ப நெருப்பு பண்ற வேலை இல்ல இது."

"அப்பறம் எதுக்கு இந்தப் பக்கம் மட்டும்?"

அவள் பூரிக்கட்டையைக் கையில் எடுத்து, சமையல் மேடையின் முன் நின்று, வெறும் காற்றில் தேய்த்துக் காட்டினாள். மேடை குறுகல். இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் அடுப்பு. கட்டையைச் சுற்றித் திருப்பித் தேய்க்க இடமில்லை; முன்னும் பின்னும் மட்டும்தான் தேய்க்க முடியும். மூன்று நாளாக அப்படித்தான் தேய்த்திருந்தாள்.

"எந்தப் பக்கம் இழுத்தேனோ அந்தப் பக்கந்தான் உள்ள போயிருக்குது" என்றாள் மெதுவாக. "இது வெந்து சுருங்கலைங்க. நான் இழுத்ததை அது திருப்பி இழுத்துக்குது."

பிசைந்த மைதாவுக்குள் ஒரு ரப்பர் குணம் உண்டு. பரோட்டா போடுகிறவர்கள் அதை நம்பித்தான் மாவை அடித்து அடித்துப் பிசைகிறார்கள். அதனால்தான் அது கிழியாமல் துணி போல விரிகிறது. நிலோஃபருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. மாவு என்றால் உள்ளங்கையால் அழுத்தி, நல்லாப் பிசைய வேண்டும் என்பது அவள் அம்மா வீட்டுச் சட்டம். நன்றாகப் பிசையப் பிசைய ரப்பர் கூடும். ரப்பரை இழுத்துப் பிடித்தபடி வெட்டினால், விட்டதும் அது சுருங்காமல் என்ன செய்யும்? சூட்டில் மாவு இளகியதும் இன்னும் வேகமாகச் சுருங்கியது. பெரிய மூடி வெட்டினால் பெரிதாகச் சுருங்கியது. அவள் பரபரப்பில் எவ்வளவு வேகமாக வெட்டி உள்ளே வைத்தாளோ, அவ்வளவும் அடுப்புக்குள் போய்த் தன் இழுப்பைக் காட்டியது.

அஃப்தாப் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நான் ஒரு முட்டாள். இரும்பைப் பத்தி யோசிச்சேன், மரத்தைப் பத்தி யோசிச்சிருக்கணும். பச்சை மரத்துல நாங்க பேட்டர்ன் வெட்டவே மாட்டோம், நிலோ. இன்னைக்கு வெட்டுனா நாளைக்குக் கோணிக்கும். அறுத்த பலகையைக் கெடையில போட்டு வெச்சு, அது ஆடற ஆட்டமெல்லாம் ஆடி அடங்குன பொறகுதான் அளவு போடுவோம்."

"அதை நேத்தே சொல்லறதுக்கு என்னங்க?"

"நேத்து எனக்கு நெருப்பு மட்டுந்தான் கண்ணுல பட்டுது."

அன்று பகல் முழுவதும் அவள் சோதித்தாள். மாவில் டால்டாவை விரல் நுனியால் உதிர்த்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் தெளித்து, பிசையாமல், ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் கூட்டினாள். தேய்த்து, ஈரத்துணி போட்டு மூடி, அரை மணி நேரம் விட்டாள். துணியை எடுத்தபோது அது கண்ணுக்குத் தெரிகிற அளவு உள்ளே போயிருந்தது. போகட்டும். இன்னும் வெட்டவில்லையே, போனால் என்ன? அதன் பிறகு தட்டைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டினாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாள். அசையவில்லை. விளிம்பில் போர்த்தி, முள்கரண்டியால் சுற்றிலும் அழுத்தி, நடுவில் ஆவி போகக் கத்தியால் இரண்டு கீறல் போட்டு, தேக்சாவில் வைத்தாள். வெளியே வந்தபோது மூடி விளிம்பில் இருந்தது.

சாயங்காலம் செல்லாத்தாள் அதையும் ருசி பார்த்தாள். "ஏங் கண்ணு, தெனமும் ஒண்ணு சுருங்கட்டும்னு வேண்டிக்கலாம்னு பாத்தேன். இனி எனக்கு எங்க கெடைக்கும்?"

ஆனால் ஒருமுறை சரியாக வந்தது இன்னொரு முறையும் வருமா? நிலோஃபருக்கு நிலைகொள்ளவில்லை. வியாழக்கிழமை காலையில் கோழி வாங்கி வந்து, வேக வைத்து, உதிர்த்து, குழம்பு காய்ச்சி ஆற வைத்தாள். பத்து மணிக்கு மாவைத் தேய்த்து ஈரத்துணியை மூடினாள். கரியைப் பற்ற வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஜீப் வந்து நிற்கிறது.

பங்காரம்மா முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"செய்யறதையும் பாக்கலாம்னு வந்தேம்மா. பன்னெண்டு மணிக்கெல்லாம் நான் கெளம்பணும்." சமையல் மேடையைப் பார்த்தார். "மாவு தேய்ச்சாச்சு, குழம்பு ஆறியாச்சு. அப்பறம் எதுக்குக் காத்துட்டிருக்கீங்க? வெட்டி மூடிர வேண்டியதுதானே."

கடிகாரம் பத்தே கால் காட்டியது. இப்போதே வெட்டினால் பதினொன்றுக்கெல்லாம் வெந்துவிடும். பங்காரம்மாவுக்குச் சௌகரியம். நிலோஃபரின் கை தானாகவே கத்தியின் பக்கம் போனது. மூன்று நாளாக இந்தக் கைதான் அவசரப்பட்டது.

கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷங்கம்மா."

"எதுக்கு?"

"மாவு அடங்கணுங்க."

"எங்க பங்களாவுல குக்கு இப்படியெல்லாம் நிக்க மாட்டானே." பங்காரம்மா வாட்சைத் திருப்பிப் பார்த்தார். ஜீப் டிரைவர் வெளியே ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். ஈரத்துணியின் ஓரம் காற்றில் படபடத்தது; அஃப்தாப் ஓடிப் போய் சன்னலைச் சாத்தி, கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பதினைந்து நிமிடம் போல நீளமான நேரத்தை நிலோஃபர் அறிந்ததில்லை. கரியை மாற்றினாள். மணலைத் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டாள். பீரோ வரை போய் வந்தாள். செல்லாத்தாள் நிலைமையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, பங்காரம்மாவைக் கையோடு உட்கார வைத்தாள்.

"செத்த பேசாம பொட்டாட்டம் உக்காருங்கம்மணி. இந்தப் புள்ள நாலு நாளா இந்த மூடியோட மல்லுக்கட்டுது. அவ நில்லுன்னா நிக்க வேண்டியதுதான். உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?"

பங்காரம்மா சொந்த ஊரைச் சொல்லி, அங்கே செல்லாத்தாளுக்குச் சொந்தத்தில் ஒரு ஒறம்பரை இருப்பது தெரிந்து, அந்த ஒறம்பரையின் மருமகள் கதை பாதியில் இருக்கும்போது பத்தரை ஆனது. நிலோஃபர் துணியை எடுத்தாள். மாவு உள்வாங்கியிருந்தது. தட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரு விரல் பெரிதாக வெட்டி, தட்டை நிமிர்த்திக் குழம்பை ஊற்றி, போர்த்தி, அழுத்தி, கீறி, தேக்சாவில் இறக்கினாள்.

பதினொன்றே காலுக்குத் திறந்தாள்.

பங்காரம்மா துணியை வாங்கித் தட்டைப் பிடித்தார். இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார். விடுதி மேட்டில் வண்டி ஏறுவது போல இரண்டு குலுக்குக் குலுக்கினார். உள்ளே குழம்பு அசையும் சத்தம் கேட்டது. விளிம்பில் ஒரு சொட்டு வரவில்லை. தட்டின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு விரலை நிலோஃபருக்குக் காட்டினார். காய்ந்த விரல்.

பிறகு உட்கார்ந்து, கரண்டியால் மூடியை உடைத்து, ஆவி பறக்க ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார்.

"மொளகு கொஞ்சம் எச்சு. புள்ளைங்களுக்குக் கொறச்சுப் போடுங்க" என்றார். "திங்கக்கெழமை காலையில எட்டு மணிக்கு வந்துருங்க."

நிலோஃபர் தலையை ஆட்டினாள். சன்னல் கதவை இன்னும் விடாமல் பிடித்திருந்த அஃப்தாபைப் பார்த்தாள்.

"இனி விடுங்க. காத்து அடிச்சா அடிக்கட்டும்" என்றாள்.

அவன் சன்னலை விட்டான். "நாளைக்கு மைதீன் பிச்சை வந்தா நீயே சொல்லிரு. போட்டோவையும் திருப்பி வாங்கிரு. அந்த போட்டோவுல நான் நல்லா இருக்கேன்."

ஜீப்பில் ஏறப் போன பங்காரம்மா திரும்பி வந்தார். "எங்க சமையல்காரங்களுக்கும் மூடி சுருங்கிட்டேதான் இருக்குது. நான் அடுப்பு சரியில்லைன்னு நெனச்சுட்டிருந்தேன். என்ன பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுத்துருங்க. செவுத்துல மாட்டிக்கறோம்."

கைக்கு எட்டின இடத்தில் காகிதம் இல்லை. அஃப்தாப் அந்தப் பத்தங்குலம் ஒரு நூல் பிளைவுட்டை எடுத்து, காதிலிருந்த பென்சிலை உருவினான். நிலோஃபர் சொல்லச் சொல்ல எழுதினான்:

'மாவை அழுத்திப் பிசைய வேண்டாம். ஒன்று சேர்ந்தால் போதும். தேய்த்ததும் வெட்ட வேண்டாம். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டு, அது சுருங்குகிற அளவு சுருங்கிய பிறகு, தட்டைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டி மூடவும். அப்போது வெந்த பிறகும் மூடி விளிம்பிலேயே இருக்கும்.'